முத்திரை வைத்த வீட்டுப் பூனைகள்

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் தலைமறைவாகப் போனது போன்ற ஒரு கேலிக்கூத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

எல்லைப் போராட்டம் நடந்த வருடங்கள். பாறசாலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், சுவர் வைத்துத் தடுத்த வீட்டின் கிழக்குப் பாதியில் நான் வாடகைக்கு இருந்தேன். வயது இருபத்து மூன்று. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். மேற்குப் பாதியில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா வேலை. அவர் பூனை வளர்த்தார் என்று சொல்வது அவருக்குக் காட்டுகிற அதிகப்படி மரியாதை. உள்ளறையில் நெல் இருந்தது, நெல்லுக்கு எலி வந்தது, அதனால் ஒரு கருப்புக் கடுவனும் ஒரு சாம்பல் நிறப் பெட்டையும் இருந்தன. பெட்டை அப்போதுதான் மூன்று குட்டி போட்டிருந்தது. குட்டிகள் கண் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

திருவிதாங்கூரில் தமிழ் பேசுகிற தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதே ஆசைதான். அதைப் பேசிய ஆட்களைத்தான் சகிக்க முடியவில்லை. எதிர்ச் சாயக்கடையில் ஒருநாள் இவர் ஒரு மகஜரை உரக்க வாசித்தார். போராட்டத்தில் அவர் செய்தது அவ்வளவே. பிறகு எங்கோ சிலரைப் போலீஸ் பிடித்தது என்று கேள்விப்பட்டதும், அடுத்தது தான்தான் என்று முடிவுகட்டிவிட்டார். அவரைப் பிடிக்க வேண்டும் என்று எந்தப் போலீஸ்காரருக்கும் தோன்றியிருக்காது. இது அவரைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலை கோட்டுகாலில் இருந்த தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். ஜன்னல்களையும் பின்கதவையும் உள்ளிருந்து அடைத்தார். மேலே பலகைத் தட்டு அடித்த வீடு. பூனை கூரை வழியாகப் போகவும் வழியில்லை. முன்கதவில் கொண்டியை மாட்டி, பூட்டுப் போடாமல், அதன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார். ஜப்தி செய்த வீடுகளில் கோர்ட்டு ஆட்கள் வைப்பதைப் பார்த்துப் பழகிய கை. பூட்டை உடைக்கிறவன்கூட முத்திரையை உடைக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். தன் ஊரைப் பற்றி அவர் சரியாகத் தெரிந்து வைத்திருந்த ஒரே விஷயம் அது.

"பூச்சைகள வெளிய விட்டுட்டுப் போனா என்ன?" என்று கேட்டேன்.

"அப்போ நெல்ல ஆரு பாப்பா? ரெண்டு நாளில வாறேன் டீச்சரே. சட்டியில கஞ்சி உண்டு, அகத்து எலியும் உண்டு. பின்னென்ன வேணும்?"

அன்று மாலையே சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டை கத்தத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே போய் முத்திரையைக் கிட்டத்தில் பார்த்தேன். நடுவில் சங்கு. சுற்றிலும் வட்டமான விளிம்பு. பழைய திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு ஒன்றை அரக்கில் அழுத்தியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சாயக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். எல்லைக் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர்.

"அது சர்க்கார் சங்காக்கும். தொட்டவன் ஜெயிலுக்குப் போவான்," என்றார்.

"சக்கரக் காசாக்கும். விளும்புகூடத் தெரியுது. வந்து பாருங்க."

வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "காசாட்டே இருக்கட்டும். சங்கு சங்குதானே?"

கடையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஒரு தாலுகாவையே ஒரு ராஜ்ஜியத்திலிருந்து பெயர்த்து இன்னொன்றில் வைக்கப் புறப்பட்ட வீரர்கள். காசளவு அரக்கைக் கண்டு நடுங்கினார்கள். "எல்லையே போகப் போகுது, இப்பதான் பூச்சைக் காரியம் பேச வந்திருக்கா," என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டு மறுபடி எல்லையைப் பிரிக்க உட்கார்ந்தார்கள்.

புதன்கிழமை நான் அவித்த நெத்தோலி மீனைக் கதவின் அடியிடுக்கில் தள்ளினேன். ஒரு கருப்புக் கால் வந்து இழுத்துக்கொண்டது. பெரிய தர்மம் செய்துவிட்ட திருப்தியோடு வந்து நோட்டுத் திருத்தினேன். சுவருக்கு அப்பால் குட்டிகளின் குரல் மெலிந்துகொண்டிருந்தது. கடுவன் தின்றால் குட்டிக்குப் பால் ஊறாது என்பது படித்த எனக்கு உறைக்கவில்லை. உறைக்க விடவில்லை என்பதே சரி.

வியாழக்கிழமை தலைமையாசிரியரிடம் யோசனை கேட்டேன். கோர்ட்டுக் கேஸில் மாட்டுகிற டீச்சரை மிஷன் வைத்துக்கொள்ளாது என்றார். காரக்கோணத்தில் என் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பம் இருந்தது. அன்றைக்கும் நெத்தோலியைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். எழுந்து போய்க் கட்டைவிரல் நகத்தால் அரக்கை நெம்பினேன். அப்பளம் போல உடைந்து விழுந்தது. சாயக்கடையில் இருந்தவர்கள், சாட்சிக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று, ஒவ்வொருவராக உள்ளே நகர்ந்தார்கள்.

கதவைத் திறந்ததும் கடுவன் என்னைத் தாண்டி வெளியே ஓடியது. உடைந்த சட்டி ஒன்று காய்ந்து கிடந்தது. நெல் கொட்டி வைத்திருந்த பெரிய குட்டுவத்துக்குப் பின்னால் சாக்கின்மேல் பெட்டை படுத்திருந்தது. இரண்டு குட்டிகள் விறைத்துப் போயிருந்தன. அவற்றையும் அது நக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதற்கு வயிறு மட்டும் அசைந்தது. தண்ணீர் வைத்தேன். பெட்டை எழுந்து நிற்க முடியாமல் படுத்தபடியே குடித்தது. தாயையும் குட்டியையும் என் பக்கத்துக்குத் தூக்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். அவரைத் தேடி ஒரு போலீஸ்காரரும் வந்திருக்கவில்லை. முதலில் கதவைப் பார்த்தார்.

"ஆராக்கும் இதைப் பொட்டிச்சது?"

"டீச்சராக்கும்," என்று செயலாளர் உடனே கைகாட்டினார். அவர் அத்தனை நாளில் விரலை அசைத்தது அந்த ஒரு தடவைதான்.

"நெல்லு உண்டா?"

"நெல்லு உண்டு. ரெண்டு குட்டி செத்துப் போச்சு."

"அவ்வளவுதானே," என்றார். "பூச்சை இனியும் பெறும்."

மாலையில் தலைமறைவு வீரருக்குச் சாயக்கடையில் மாலை போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து எல்லை போட்டபோது எங்கள் ஊர் மாறாமல் கேரளத்துப் பக்கமே நின்றது. இவர்களை நம்பிய ஊருக்கு வேறென்ன கிடைக்கும்?

இதையெல்லாம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். குமாஸ்தாவைத் திட்டுவார்கள், செயலாளரை நினைத்துச் சிரிப்பார்கள். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "நீங்க எப்போ திறந்தீங்க?" காசு என்று கண்ட அந்தச் செவ்வாய்க்கிழமையே நான் திறந்திருந்தால் மூன்று குட்டியும் பிழைத்திருக்கும். ஆனால் "ரெண்டாம் நாளே திறந்துட்டேன்" என்றுதான் இன்றுவரை சொல்லி வந்திருக்கிறேன்.