மலை பார்க்க வந்தவளுக்கு ஆறு வீட்டுச் சாப்பாடு

“…மேலை ஏறி என்னத்தைப் பாக்கப் போறியள்? உந்த நேபல்தான் மேலையும் நிக்கும். இருந்து இன்னும் ரெண்டு இடியப்பம் சாப்பிட்டிட்டு ஆறுதலாப் போங்கோ,” என்று சொல்லிக்கொண்டே தாசன் அண்ணை என் தங்கை ரெஜினாவின் தட்டுக்கு மேல் கையை நீட்டினார். அவள் தட்டைக் கையால் மூடினாள். அவர் அவளுடைய விரலிடுக்கால் இடியப்பத்தை நழுவவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சோலோதுர்ன் நகரில் எங்கள் சொந்தக்காரர் தாசன் அண்ணையின் நான்காம் மாடி வீடு. நேபல் என்று அவர் சொன்னது மூடுபனியை. குளிர்காலத்தில் அது ஆரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் வந்து குந்திவிட்டால் கிழமைக்கணக்கில் எழும்பாது. அன்று யன்னலால் எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டுப் பல்கனிகூடத் தெரியவில்லை. மறுநாள் விடிய ரெஜினாவுக்கு சூரிச்சிலிருந்து விமானம்.

ரெஜினா என் சித்தியின் மகள். மன்னாரில் பள்ளிக்கூட ஆசிரியை, புவியியல் படிப்பிக்கிறாள். என் மகளின் கல்யாணத்துக்காக விசாவுக்கு அலையாய் அலைந்து, ஒரு வாரத்துக்கு வந்தவள். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் அவள் சொன்னது இதுதான்: “அண்ணை, எனக்குச் சீலை வேண்டாம், சொக்கிளேட் வேண்டாம். அல்ப்ஸை ஒருக்காக் காட்டிவிடுங்கோ. இருபது வருசமாக் கரும்பலகையில கீறுறன். நான் திரும்பிப் போனவுடனை பிள்ளையள் கேக்கப் போறது, ‘ரீச்சர், கண்டனீங்களோ?’ எண்டுதான்.”

இதிலென்ன கஷ்டம் என்று நினைத்தேன். சுவிற்சர்லாந்தில் மலையைக் காட்டுவது கடலோரத்தில் கடலைக் காட்டுவதுபோலத்தானே. ஆனால் கல்யாணம் முடிந்த மறுநாளே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. “எங்கட வீட்டை ஒரு நேரம் கை நனைக்காமல் போனால் பிறகு முகத்திலை முழிக்கமாட்டன்” என்று ஒருவர். “அவையின்ரை வீட்டை போனவளுக்கு எங்கட வீடு தெரியாதோ” என்று இன்னொருவர். திங்கள் பீலில் இரண்டு வீடு. செவ்வாய் லிஸ். புதன் பேர்ண். வியாழன் ஜெனீவா. வெள்ளியும் சனியும் எங்கள் வீட்டிலேயே, அவளைப் பார்க்க வந்த சனத்தோடு. எல்லா இடத்திலும் அதே ஆட்டிறைச்சிக் கறி, அதே கத்தரிக்காய்ப் பால்கறி, அதே சோபா, அதே கல்யாண அல்பம். ஜெனீவாவில் ஏரிக்கரையில் கால் வைத்தாளா? இல்லை. ஏரியைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள், மடியில் ஒரு சட்டி பாயாசத்தோடு. “சிந்தாமல் பிடியுங்கோ பிள்ளை” என்று முன் சீற்றிலிருந்து குரல். ஏரிக்கு நடுவில் உயரப் பாயும் அந்த நீர்த்தாரையைத் திரும்பிப் பார்த்தால் பாயாசம் சிந்திவிடும். அவள் பாயாசத்தைத்தான் பார்த்தாள்.

இது சுவிஸ் தமிழரின் தனிக்குணம் அல்ல. கனடாவுக்குப் போய்வந்த என் மச்சான் ஒருவன் சொன்னான், நயாகராவில் நின்றது கால் மணித்தியாலமாம், ஸ்காபரோவில் சாப்பிட்டது நாலு வீட்டிலாம். அருவியைவிடக் கோழிக்கறிதான் இப்போதும் ஞாபகம் என்றான். கடல் தாண்டி, காசு செலவழித்து வரும் மனிதரை இப்படித்தான் நாங்கள் குந்தவைத்து அனுப்புகிறோம். அதற்கு அன்பு என்று பெயரும் வைத்திருக்கிறோம். அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அன்புக்கு ஒரு யன்னல் வைக்கக்கூடாதா?

எனவே இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சுற்றுலாக் கையேடுகள் எதுவும் சொல்லாத முதல் விஷயத்தை நான் சொல்கிறேன்: பார்க்க வேண்டியதைப் பார்த்து முடிக்கும்வரை சொந்தக்காரருக்கு வந்த சேதியைச் சொல்லாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ரயிலுக்கு, வெளிநாட்டிலிருந்து வருபவருக்கென்று ஒரு மாதத்து அரைக்கட்டண அட்டை உண்டு. நாலைந்து நீண்ட பயணம் இருந்தால் லாபம். தண்ணீர்ப் போத்தல் வாங்க வேண்டாம், தெருக்குழாயில் வருவது குடிக்கிற தண்ணீர்தான். ஞாயிறு கடைகள் பூட்டு. செருப்போடு மலைக்குப் போகாதீர்கள். மலைக்குப் புறப்படுமுன் உச்சியில் பொருத்தியிருக்கும் கமெராவைக் கைபேசியில் திறந்து பாருங்கள். கீழே இருளாகக் கிடந்தாலும் மேலே வெயில் எறிக்கலாம்.

அந்தக் கமெராப் படத்தைத்தான் நான் கைபேசியில் திறந்து தாசன் அண்ணையின் மேசையில் வைத்தேன். வைஸன்ஸ்ரைன் என்கிற மலை, சோலோதுர்னுக்குப் பின்னாலேயே நிற்கிறது. ஆயிரத்து முந்நூறு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. படத்தில் நீல வானம்.

“உது பழைய படமாயிருக்கும்,” என்றார் தாசன் அண்ணை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிற மனிதர். முப்பத்தொரு வருடமாக இதே ஊர். வெயில் நாளில் அவருடைய பல்கனியில் நின்றால் அந்த மலையுச்சி ஹோட்டல் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

“அண்ணை, நீங்கள் எத்தினை தரம் போயிருப்பியள்?” என்று ரெஜினா கேட்டாள்.

“நானோ? நான் ஏன் போறன். வேலை. வேலை இல்லாட்டில் பூசை. பூசை முடிஞ்சால் ஆரின்ரையும் வீட்டுச் சாப்பாடு.”

முப்பத்தொரு வருடம். அவருடைய மனைவி பிலோமினா அக்கா அடுப்படியிலிருந்து, “என்னையும் கூட்டிக்கொண்டு போகேல்லை எண்டதையும் சொல்லுங்கோ,” என்றார்.

“சும்மா இரும். ஒரு மணிக்கு கிறென்ஹனில ஜோர்ஜ் வீட்டைச் சாப்பாடு. அவன் நேற்று விடியவே போய் நண்டு வாங்கினவன். உந்தப் பிள்ளை நேபலைப் பாக்கப் போய் நண்டு ஆறிப்போகும்.”

கிறென்ஹன், சோலோதுர்னுக்கும் பீலுக்கும் நடுவில் உள்ள ஊர். ஜோர்ஜ் வீடுதான் ஏழாவது வீடு. அங்கே போய் இருந்தால் எழும்ப இருட்டிவிடும். அதோடு ரெஜினாவின் சுவிற்சர்லாந்து முடிந்தது.

நான் வாய் திறக்குமுன் ரெஜினா எழும்பிப் போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். தட்டில் இடியப்பம் அப்படியே கிடந்தது. எங்கள் வீடுகளில் அது சின்ன விஷயமில்லை.

“கோவிக்காதேங்கோ அண்ணை,” என்றாள். “ஆறு நாளா எல்லாரும் நல்லாச் சாப்பாடு தந்திட்டியள். ஆனா சாப்பாட்டை வகுப்பில கீறிக் காட்ட ஏலாது.”

தாசன் அண்ணையின் முகம் கறுத்தது. பிறகு விசுக்கென்று எழும்பித் தொப்பியையும் ஜக்கற்றையும் எடுத்தார். “சரி. நானும் வாறன். மேலை ஒண்டுமில்லை எண்டு கண்ணாலை கண்டால்தான் ரெண்டு பேரும் அடங்குவியள்.” பிலோமினா அக்கா மிச்ச இடியப்பத்தையும் சம்பலையும் பெட்டியில் அடைத்து அவர் கையில் கொடுத்தார். மலைக்குப் போகும்போதும் சாப்பாடு கூடவே வந்தது.

பதினொரு மணியளவில் ரயில். சோலோதுர்னிலிருந்து ஒபர்டோர்ஃபுக்குப் பத்து நிமிடப் பயணம்; தொங்குகார் நிலையம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. ஏறி இறங்க ஓர் ஆளுக்கு முப்பது பிராங்குக்குச் சற்று முன்பின் வரும், அரைக்கட்டண அட்டை இருந்தால் குறையும், அன்றைய விலையைப் போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கூண்டு. நாங்கள் மூவரும் இடியப்பப் பெட்டியும் ஏறினோம்.

கூண்டு எழும்பியது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை. கீழே வெள்ளை, மேலே வெள்ளை. ஒரு தேவதாரு மரத்தின் நுனி மட்டும் வந்து மறைந்தது.

“பாத்தீரோ தம்பி?” என்றார் தாசன் அண்ணை. “பால்மா கரைச்சு ஊத்தின மாதிரிக் கிடக்கு. உதுக்கோ காசு குடுத்தனீர்?”

உள்ளுக்குள் எனக்கும் பயம் பிடித்துவிட்டது. கமெரா பழைய படத்தைக் காட்டியிருந்தால்? ரெஜினா கையுறையால் கண்ணாடியைத் துடைத்தாள். ஈரம் வெளியில், அவள் துடைத்தது உள்ளே. திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“இன்னும் நண்டுக்கு நேரமிருக்கு,” என்றார் அவர்.

இடைநிலையம் கடந்து கொஞ்சத் தூரம். வெள்ளை மஞ்சளாகியது. பிறகு யாரோ போர்வையை இழுத்ததுபோல் கூண்டு வெளியே வந்துவிட்டது. சுத்த நீலம். கண் கூசியது. மரங்கள் எல்லாம் உறைபனி பூத்து நின்றன. நாங்கள் ஏறிவந்த மூடுபனி கீழே கடலாய்ப் பரந்து கிடந்தது. அந்தக் கடலுக்கு அந்தக் கரையில், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, வெள்ளை மலைகள்.

ரெஜினா கையுறையைக் கழற்றிவிட்டு விரல் நீட்டினாள். வகுப்பில் நிற்கிறவள்போல நிதானமாகச் சொன்னாள்: “நாங்கள் நிக்கிறது யூரா மலை. அதுதான் அல்ப்ஸ். அந்த மூண்டும் ஐகர், மொன்ஹ், யுங்ஃப்ரவ்.” பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “நான் யுங்ஃப்ரவை இவ்வளவு காலமும் கூராக் கீறிப்போட்டன், அண்ணை. அது தோள் அகட்டி இருக்குது.”

உச்சியில் இறங்கி, ஹோட்டலுக்கு முன்னால் வெயில் விழுகிற ஒரு மர வாங்கில் இருந்தோம். பனியில் சறுக்குவண்டியோடு பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள். ரெஜினா குனிந்து பனியை அள்ளி, இரு கைக்குள்ளும் வைத்து, உருகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மலைகளைப் பார்த்தபடி ஒரு தாளில் கோடு இழுக்கத் தொடங்கினாள். இன்னும் பாதி மலை கீறி முடியவில்லை.

தாசன் அண்ணை எங்களோடு இருக்கவில்லை. வேலியோரம் தனியே நின்றார். இடியப்பப் பெட்டி அக்குளுக்குள். கீழே, அவருடைய பல்கனி இருக்கவேண்டிய இடத்தில், மூடுபனி மட்டும். நான் பக்கத்தில் போனேன். என் வாயில் ஏழு நாள் கோபம் நின்றது. கேட்கத்தான் போனேன், முப்பத்தொரு வருடம் என்ன செய்தீர்கள் என்று. அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, “பிலோவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்,” என்றார்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க அவருடைய கைபேசி அடித்தது. ஜோர்ஜ். நண்டு. ரெஜினா பென்சிலை நிறுத்தி நிமிர்ந்தாள். தாளை மடிக்கவும் தொடங்கினாள்.

தாசன் அண்ணை அவளைப் பார்த்தார், மடிக்காதே என்று கையைக் காட்டினார், கைபேசியைக் காதில் வைத்தார். “ஓம் ஜோர்ஜ்... இல்லையடா, வர ஏலாது. இஞ்சை ஒரே நேபல். முன்னுக்கு நிக்கிற ஆளைக்கூடத் தெரியேல்லை. ரயிலும் எப்ப ஓடுமோ தெரியாது. நீங்கள் எங்களைப் பாத்துக்கொண்டிராமல் சாப்பிடுங்கோ,” என்று சொல்லிக் கைபேசியை ஜக்கற்றுக்குள் போட்டார். பிறகு வந்து ரெஜினாவுக்குப் பக்கத்தில் வாங்கில் குந்தி, வெயில் கண்ணில் குத்துகிறதென்று தொப்பியை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.