கிரீஸ் பூசிய துப்பாக்கி

நாட்டுக்குப் பீரங்கி வண்டி செய்து அனுப்புகிற தொழிற்சாலையில் எனக்கு ஃபிட்டர் வேலை. அப்படிப்பட்ட நான் ஒரு பொம்மைத் துப்பாக்கியை வெடிக்கவைக்க முடியாமல் போய், ஆவடி குவார்ட்டர்ஸே சிரிப்பாய்ச் சிரித்ததை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

எண்பதுகளின் கடைசி. குவார்ட்டர்ஸில் பொங்கலுக்குப் பொங்கல் நாடகம் போடுவோம். எனக்கு நடிப்பு வராது. ஆனால் காக்கிச் சட்டைக்கு ஏற்ற அகலம் இருந்தது. ஆகவே இன்ஸ்பெக்டர் வேஷம். கடைசிக் காட்சியில் வந்து வில்லனைச் சுட வேண்டும், அவ்வளவுதான். முதல் வருஷம் விசையை இழுத்தேன். ‘டிக்’ என்றது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் ‘டிக்’. வில்லன் சாவதற்குத் தயாராக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான். கூட்டம் என்னையே பார்க்கிறது. வேறு வழி தெரியாமல் வாயாலேயே ‘டுமீல்’ என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளிலிருந்து என் பெயர் டுமீலு. ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போனால் பின்னாலிருந்து டுமீலு. ரேஷன் கடை வரிசையில் டுமீலு. கேன்டீனில் வடை போடுகிறவர்கூட, “டுமீலு, உனுக்கு கெட்டி சட்னியா, தண்ணி சட்னியா?” என்றுதான் கேட்பார்.

அதையும் தாங்கியிருப்பேன். அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆனதுதான் வினை. பாரிவாக்கத்துப் பெண். தொழிற்சாலையில் எனக்கு இருக்கும் மரியாதையைப் பற்றி அவளிடம் கொஞ்சம் தாராளமாகவே அளந்துவைத்திருந்தேன். அவள் வந்த முதல் வாரமே வாசலில் பிள்ளைகள் “டுமீலு!” என்று கத்திவிட்டு ஓடின.

“இன்னாங்க, உங்களப் பாத்து இன்னாவோ கத்திகினு ஓடுதுங்க?” என்றாள்.

“திருடன் போலீஸ் ஆடுதுங்க” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். எனக்கு வியர்த்துவிட்டது. அவள் காதுக்கு விஷயம் போவதற்குள் அந்தப் பெயரை ஒழித்தாக வேண்டும். அதற்கு ஒரே வழிதான் தெரிந்தது. வருகிற பொங்கலுக்கு, அதே மேடையில், அவள் கண் முன்னால் அந்தத் துப்பாக்கி நிஜமாகவே வெடிக்க வேண்டும்.

அது முதல் நாடகத்துக்கு முந்தின தீபாவளிக்குப் பூந்தமல்லியில் வாங்கிய தகரத் துப்பாக்கி. உள்ளங்கையில் அடங்கிவிடும். சிவப்புக் கேப்புச் சுருளை உள்ளே மாட்டி விசையை இழுத்தால், ஒரு சின்னச் சுத்தி வந்து பொட்டுமருந்தின் தலையில் அடிக்க வேண்டும். கழற்றிப் பார்த்தேன். சுத்தியின் முகம் கோணல். மருந்தை விட்டுவிட்டு வெறும் காகிதத்தை அடித்துக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் வெந்த சேமியா மாதிரி தொளதொளத்தது. சுருளும் சில நேரம் இரண்டு பொட்டு தாண்டிக் குதிக்கும், சில நேரம் அசையவே அசையாது. வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய் வேறொரு துப்பாக்கி வாங்கியிருப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. கையில் அரம் இருக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் ராவத்தான் தோன்றும்.

சுத்தியின் முகத்தை ராவி மட்டமாக்கினேன். பழைய டார்ச் லைட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிடுங்கி, வெட்டி மாட்டினேன். சுருள் நகரும் வழியில் இருந்த பிசிறையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பிறகு அது கைக்குப் பழக வேண்டும் அல்லவா? தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் டப், டப் என்று சுட்டுக்கொண்டிருந்தேன். மனைவியிடம் ஒத்திகை என்று சொல்லிவைத்தேன். கீழ் வீட்டில்தான் எங்கள் வில்லன் குடியிருந்தான். வெள்ளானூர்க்காரன், தொழிற்சாலையில் என்னோடு அதே ஷாப்பில், அதே பிரிவில், வேலை பார்ப்பவன். ஒரு நாள் படியேறி வந்துவிட்டான்.

“மாமே, சாவப்போறது நானு. ஒரு தபா சுட்டா போதாதா? டெய்லி இன்னாத்துக்கு சாவடிக்கிற?”

“இந்த வாட்டி தப்பாது மச்சான்” என்றேன். நிஜமாகவே தப்பவில்லை. சுருள் முழுக்க ஒரு பொட்டுகூட விடாமல் வெடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாகத்தை முடித்தாலும் துருப்பிடிக்காமல் இருக்கக் கிரீஸ் பூசி, மெழுகுக் காகிதத்தில் சுற்றித்தான் வெளியே அனுப்புவோம். நாடகத்துக்கு முதல் நாள் நானும் அப்படியே செய்தேன். உள்ளே ஒரு இடுக்கு விடாமல் கிரீஸ் பூசி, சுற்றி, பீரோவில் பத்திரப்படுத்தினேன். மறுநாள் மேடைக்குப் பின்னால் காகிதத்தைப் பிரித்து, வெளியே மட்டும் கழற்றிப் போட்ட வேட்டியில் துடைத்து, புதுச் சுருளை மாட்டி, இடுப்பில் செருகிக்கொண்டேன். இத்தனை வருஷமும் நான் பூசுகிற பக்கத்திலேயே வேலை பார்த்தவன். வாங்குகிறவன் முதலில் அதையெல்லாம் வழித்துத் துடைத்தால்தான் பாகம் வேலை செய்யும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

கடைசிக் காட்சி. ஃபோகஸ் லைட்டுச் சூட்டில் கிரீஸ் இளகி இடுப்பில் பிசுபிசுத்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். பெண்கள் பக்கத்தில், முன் வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியை நீட்டி விசையை இழுத்தேன். ‘சொத்’ என்றது. போன வருஷத்து ‘டிக்’ எவ்வளவோ தேவலை. மறுபடி இழுத்தேன். எண்ணெயில் ஊறிய கேப்பு, நனைந்த பஸ் டிக்கெட் மாதிரி வெளியே வந்து தொங்கியது.

கூட்டம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. எதற்குக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். தலையே போனாலும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வில்லன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். பிறகு, “ஐயோ, இன்ஸ்பெக்டரப் பாத்த ஒடனே நெஞ்சு அடைக்குதே!” என்று தானாகவே விழுந்து செத்தான். மைதானம் முழுக்க ஒரே குரலில் “டுமீலு!” என்று கத்தியது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே மேடையில் பள்ளம் விழுந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் நானே ஆரம்பித்தேன்.

“திருடன் போலீஸ்னு சொன்னேனே…”

“தெரியும்” என்றாள். “நீங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எங்க சித்தப்பா சொல்லிச்சி. போன பொங்கலுக்கு அது ஒங்க நாடகம் பாத்துகினு இருந்திச்சாம். துப்பாக்கி வெடிக்கலன்னதும் ஓடாம, வாயாலயே சுட்டு முடிச்சாரும்மா மாப்ள, இந்த ஆளு உன்ன நடுவுல உட்டுட்டுப் போவ மாட்டாருன்னிச்சி. அத்தக் கேட்டு சிரிச்சிகினேதான் நானு சரின்னேன்.”

நான் நின்றுவிட்டேன்.

“இன்னிக்கி அந்த டுமீலக் கேக்கத்தான் முன்னாடியே வந்து குந்திகினு இருந்தேன்” என்றாள். அவள் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. “இன்னாத்துக்கு வாயத் தொறக்காம நின்னீங்க?”

எனக்குச் சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்தன. தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பி, மெதுவாக “டுமீல்” என்றேன்.

பின்னால் இருட்டில், அரிதாரம் கலைக்காமல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வில்லன் கத்தினான்.

“யோவ் மாமே, நான் அப்பவே செத்துட்டேன்யா!”