அட்டவணையில் எட்டுப் பேர்

உம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்த பிறகு, அவரை எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது என்று பேச, சிங்கப்பூரில் பூன் லேயில் இருக்கும் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடினோம். முதியோர் இல்லம் என்று நான் வாயெடுத்ததுமே நானா கையை உயர்த்திவிட்டார். நானா என்றால் என் அண்ணன். தேக்காவில் துணிக்கடை வைத்திருக்கிறார்.

"எட்டுப் பேரு இருக்கோம்லா. இவ்வளவு பேரு இருந்தும் உம்மாவ ஹோம்ல விட்டுட்டாங்கன்னு நாளைக்கு நாலு பேரு பேசமாட்டாங்க?"

நானா, அவர் மனைவியான மச்சி, அவர்களுடைய இரண்டு பையன்கள். லாத்தா, அதாவது என் அக்கா, அவர் கணவர், மகள். கல்யாணம் ஆகாமல் உம்மாவோடு இருந்த நான். எண்ணிப் பார்த்தால் எட்டு சரிதான். கணினியோடு மாரடிக்கிறவள் என்பதால் அட்டவணை போடும் வேலை என் தலையில் விழுந்தது. பகலுக்கு ஏழு நாளும் ஏழு பேர், காலையும் இரவும் நான். மாத்திரை கொடுத்ததும் டிக் போட ஒரு கட்டம். அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். உம்மா அதன் முன்னால் நின்று எல்லாப் பெயரையும் படித்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

எனக்கு கிளமெண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. மழை பெய்தால் எந்த வடிகாலில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கணினியில் கணக்கிடுவோம். பெரிய கணக்கைத் துண்டுகளாக்கி ஒரே நேரத்தில் ஓட விடுவது வழக்கம். ஒவ்வொரு துண்டையும் எடுத்துச் செய்கிற நிரலுக்கு வொர்க்கர் என்று பெயர். வழக்கமாக எட்டு வொர்க்கர் வைப்பேன். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்த ஒரு நாள், ஒரே நேரத்தில் பதினாறு ஓடும் என்று திரை காட்டுகிறதே என்று பதினாறு வைத்தேன். எட்டில் முடிந்ததைவிடத் தாமதமாக ஓடியது.

பக்கத்து இருக்கைச் சீனர் அதிகம் பேசமாட்டார். எட்டிப் பார்த்துவிட்டு விளக்கினார். வொர்க்கர் நாம் உண்டாக்குவது, எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கலாம். நிஜமாகக் கணக்குப் போடுவது சிப்புக்குள் இருக்கும் கோர். இந்த இயந்திரத்தில் அது எட்டுத்தான். ஒவ்வொரு கோரும் தன்னை இரண்டாகக் காட்டிக்கொள்வதால் திரையில் பதினாறு தெரிகிறது. அதோடு ஒவ்வொரு வொர்க்கருக்கும் மழைக்கணக்கு முழுவதையும் தனித்தனியாகப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும், அதிலேயே நேரம் போய்விடும். ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நினைத்துக்கொண்டு, எண்ணை எட்டாக மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஃபிரிட்ஜைத் திறந்து பால் எடுத்தேன். அட்டவணை கண் முன்னால்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நானாவின் நாளில் மச்சிதான் வருவார், கடையை மூட முடியாது. பெரியவன் தேசிய சேவையில் ராணுவ முகாமில் இருந்தான், அவன் நாளுக்கும் மச்சி. சின்னவனுக்குப் பரீட்சை, அதற்கும் மச்சி. அவரும் வர முடியாத நாளில் நான் விடுப்பு எடுத்தேன். லாத்தாவுக்கு முழங்கால் வலி, மகளால் அவரை விட்டு நகர முடியாது; அவர்கள் பெயர் இருந்த சனி, ஞாயிறை நானே பார்த்துக்கொண்டேன். அவர் கணவர் தவறாமல் வருவார், வந்து எனக்கு போன் செய்வார். "மாத்திரை எங்கம்மா இருக்கு? சோத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லும் நேரத்தில் நானே செய்து முடித்திருக்கலாம். கோபப்பட்டிருக்க வேண்டும், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் கிடக்குமே, அப்படித்தான் நான் முழுவதும் கிடந்தேன்.

சின்னவனின் நாள் ஒன்றில், காலை ஏழு மணிக்கு உம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தேன். டிக் போடப் பேனாவை எடுத்தபோது போன் வந்தது, ஆய்வுக்கூடத்தில் கணக்கு பாதியில் நின்றுவிட்டதாம். பேசிக்கொண்டே செருப்பை மாட்டிக் கிளம்பிவிட்டேன். எட்டு மணிக்கு வந்த மச்சி காலிக் கட்டத்தைப் பார்த்து, மாத்திரை போட்டீர்களா என்று உம்மாவிடம் கேட்டிருக்கிறார். "எவ தந்தா? ஒருத்தியும் தரல," என்றாராம் உம்மா. மச்சி இன்னொன்று கொடுத்தார். பத்து மணி வாக்கில் உம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வியர்த்து நினைவு போனது. ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டார்.

"டிக்கு இல்லையே, மாமியும் இல்லன்னுதான சொன்னாங்க," என்று மருத்துவமனையில் மச்சி அழுதார்.

"ஒங்க தப்பு இல்ல மச்சி. நான்தான் போடல," என்றேன். எனக்கு அழுகை வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அங்கே சமூக சேவகராக இருந்த தமிழ்ப் பெண் ஒரு படிவத்தோடு வந்தார். "வீட்டுல பாட்டியப் பாத்துக்கறதுக்கு எத்தன பேரு இருக்கீங்க?"

"எட்டுப் பேரு," என்றார் நானா. கூட்டம் போட்ட அன்றைக்குச் சொன்ன அதே குரல். அப்போதுதான், இவ்வளவு காலம் கழித்து, திரையில் தெரிந்த அந்தப் பதினாறு என் நினைவுக்கு வந்தது.

"ஒண்ணு," என்றேன். "மச்சி வர்ற நாள்ல ஒண்ணர."

நானா திரும்பி மச்சியைப் பார்த்தார். மச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

அந்தப் படிவத்தால் இடம் கிடைத்து, உம்மா இப்போது கிராஞ்சிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மாத்திரை தர அங்கே ஆள் உண்டு. நான் போட்ட அட்டவணையைத்தான், எட்டாவதாக என் பெயரையும் சேர்த்து, பார்க்கப் போகும் முறைக்கு வைத்திருக்கிறோம், எல்லோரும் அவரவர் நாளில் சரியாக வந்துவிடுகிறார்கள். நானாகூடக் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு பிரியாணிப் பொட்டலத்தோடு வருகிறார்.

போன வாரம் என் முறை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உம்மா என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒனக்கு வேலைக்கு நேரமாவலியா? கெளம்பும்மா," என்றார்.

"நேரம் இருக்கு உம்மா," என்றேன். உண்மையிலேயே இருந்தது.