ரைட் என்றால் எந்தப் பக்கம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் திருவொற்றியூர் போய் வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு வருகிறவன் நான். அவள் குடியிருக்கிற ரோட்டில் வேறு எதற்கு இடம் என்று நினைக்கிறவன். ராயபுரத்தில் யாராவது அங்கே வெள்ளையாக ஒன்று நின்றது, இங்கே சலங்கை கேட்டது என்று ஆரம்பித்தால் "இன்னா சரக்கு ஏத்திக்கினு வந்த?" என்று கேட்டுச் சிரிக்கிற ஆள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கதை கட்டத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அப்போது எனக்கு இறால் வியாபாரம். எண்ணூர் முகத்துவாரத்தில் மத்தியானம் பிடிக்கிற இறாலை வாங்கி, சாயங்காலத்துக்குள் பட்டணத்துப் பெரிய ஓட்டல்களில் சேர்க்க வேண்டும். மாட்டு வண்டியில் வந்தால் பாதி வழியிலேயே ஐஸ் தண்ணீராகிவிடும். லாரிக்காரன் நாலு இடத்தில் நின்று நின்று வருவான், ஓட்டல்காரன் மோந்து பார்த்துவிட்டு விலையை அடிப்பான். வேகமாகப் போகிற வண்டி ஒன்று சொந்தமாக இருந்தால் இந்தத் தொழிலில் என்னை யாரும் பிடிக்க முடியாது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, மெக்கானிக் காதர் பாயை இழுத்துக்கொண்டு போனேன். காதர் பாய் வண்ணாரப்பேட்டைக்காரர், வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்துவிட்டுத் தண்டையார்பேட்டையில் சொந்தமாக ஷெட் போட்டவர். தார்ப்பாயை விலக்கினால், நம்புங்கள், மீன் வியாபாரிக்குக் கொஞ்சமும் பொருந்தாத வண்டி! இரண்டு பேர் மட்டும் உட்காருகிற பந்தய வண்டி. நீளமான மூக்கு, அதைத் தோல் பட்டை போட்டுக் கட்டியிருக்கும், சைக்கிள் போலக் கம்பிச் சக்கரம், தலைக்கு மேலே கித்தான் கூரை. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. பாய் மட்டும் கிட்டே வராமல் வாசலிலேயே நின்றார்.

"வேற வண்டி பாக்கலாம் நைனா."

"ஏன் பாய், எஞ்சின் சரியில்லையா?"

"எஞ்சினுக்கு இன்னா, ராஜா மாரி கீது."

"அப்பறம் இன்னா?"

அவர் பேச்சை மாற்றினார். "வெலய பாத்து வாயப் பொளக்காத. வாங்கறது ஒரு தபா, தீனி போடறது தெனம். இப்ப இன்னா குடுக்கறியோ அவ்ளோ துட்டு மறுபடியும் வூட்ல கீதா? கீதுன்னா வாங்கு. இல்லேன்னா கம்முனு வூட்டுக்குப் போ" என்றார்.

வீட்டில் இருந்தது கூரைப் பணம். ஓலையை எடுத்துவிட்டு ஓடு போட வேண்டும் என்று என் வீட்டுக்காரி காமாட்சி வருஷக்கணக்கில் சேர்த்து வைத்தது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் குண்டான்கள் எல்லாம் தரையில்தான் இருக்கும். அவளிடம் போய்க் கேட்டேன். அழுவாள், அல்லது அம்மா வீட்டுக்குக் கிளம்புவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வண்டி ஓடி, வூட்டுக்கு ஓடு வருமா வராதா?"

"வரும்."

"சாமி மேல சத்தியமா?"

"அம்மாள் மேல சத்தியமா."

அவள் கூரைப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். ஊறுகாய் ஜாடி மூன்றைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் ஒன்றுக்கு மஞ்சள் கோடு, அது பெட்ரோலுக்கு. ஒன்றுக்குக் குங்குமப் பொட்டு, அது டயருக்கு. மூன்றாவதற்குக் கரிக்கோடு, அது திடீரென்று உடைகிற சாமான்களுக்கு. தினமும் இறால் பணம் வந்ததும் முதலில் மூன்று ஜாடிக்கும் போட்டுவிட்டுத்தான் அரிசிக்கு எடுப்பாள். கரி ஜாடியில் கை வைத்து நான் ஒரு வேட்டி எடுத்துவிட்டேன் என்று இரண்டு நாள் அவள் என்னோடு பேசாமல் இருந்ததும் உண்டு. பழைய வேக வண்டி வாங்குகிற யாராக இருந்தாலும் நான் சொல்வது இதுதான், வண்டிக்கு முன்னால் ஜாடி வாங்குங்கள். டயருக்கு ஊரெல்லாம் அலைய வேண்டும், பெட்ரோலுக்குக் கூப்பன் வேண்டும், இரண்டு கார்புரேட்டர் வேறு, ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று முறைத்துக்கொள்ளும்.

பாய் முதலில் கை வைத்தது பிரேக்கில். நான் எஞ்சினைப் பார்க்கச் சொன்னேன், கேட்கவில்லை. "ஓடறதுக்கு அப்பாலிக்கா செலவு பண்ணு. நிக்கறதுக்கு மொதல்ல பண்ணு" என்றார். ஒரு விஷயம் மட்டும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. என்ன ரிப்பேர் செய்தாலும் அந்த வண்டியில் அவர் ஏறி உட்கார மாட்டார். என்னை ஓட்டச் சொல்லிவிட்டு ஷெட் வாசலில் நின்று சத்தத்தைக் காதால் கேட்டே குறை சொல்லுவார். மனிதருக்கு மூலம் போலிருக்கிறது என்று நானும் காமாட்சியும் சிரித்திருக்கிறோம்.

சொன்னபடி வண்டி சம்பாதித்தது. ஐஸ் கரைவதற்குள் இறால் ஓட்டலுக்குப் போய்விடும். பின்னால் மூட்டை வைக்கிற இடத்தில் கூடைகளை வைத்துக் கயிறு போட்டுக் கட்டிவிடுவேன். பந்தய வண்டியில் இறால் நாற்றம், போகிற வழியெல்லாம் சிரிப்புதான். காமாட்சி எப்போதாவது கூட வருவாள். ஏறி உட்கார்ந்ததும் பஸ் கண்டக்டர் மாதிரி கதவில் இரண்டு தட்டு தட்டி "ரைட்டு! போலாம் ரைட்டு!" என்பாள். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

இனிமேல்தான் விஷயம்.

ஐப்பசி மாதம், எண்ணூரில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. விருந்து சாப்பிட்டு, இறால் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது நல்ல வெளிச்சம். பட்டுப்புடவையை இழுத்துச் சுற்றிக்கொண்டு "விசேஷத்துக்குப் போனாலும் இந்த கவுச்சி நம்மள வுடாது" என்று முணுமுணுத்தபடி வந்தாள். உப்பளங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் மழை பிடித்தது. மழை என்றால் சாதாரண மழை இல்லை, வெள்ளைத் துணியை மூஞ்சியில் போட்டு மூடின மாதிரி. ரோடும் உப்பளமும் ஒரே தண்ணீராகிவிட்டது. கித்தான் கூரை படபடவென்று அடித்துக்கொள்ள, எனக்கு ரோடு எங்கே என்றே தெரியவில்லை. நிற்கவும் பயம், பின்னால் லாரி வந்தால் தூக்கிவிடும். சரி, நேராக மெதுவாகப் போவோம் என்று ஊர்ந்துகொண்டிருந்தேன்.

அப்போது இடது காதோரம் தெளிவாக ஒரு குரல், "ரைட்!"

காமாட்சிதான் தைரியம் சொல்கிறாள் என்று நினைத்தேன். ரைட் என்றால் நமக்கு என்ன, போ என்றுதானே. மிதித்தேன். அந்த வண்டியை மிதித்தால் அது சும்மா போகாது, பாயும். பாய்ந்தது.

உடனே அதே குரல், இந்த முறை கத்தல், "சோட்டாங்கை! சோட்டாங்கை!"

நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் யோசிக்கவே இல்லை. சோறு தின்கிற கை அதுவாக ஸ்டியரிங்கை இழுத்தது. வண்டி வலப்பக்கம் சுழன்று, பின்சக்கரம் வழுக்கி, பிரேக் பிடித்து நின்றது. கூடை ஒன்று அறுந்து விழுந்து இறால் எல்லாம் தண்ணீரில் போயிற்று. இறங்கிப் பார்த்தேன். ரோடு அந்த இடத்தில் வலது பக்கம் ஒடிந்து திரும்புகிறது. நேராகப் போனால் உப்புப் படகு கட்டுகிற சரிவு, அதற்குக் கீழே கால்வாய், மழைத்தண்ணீர் குபுகுபுவென்று போய்க்கொண்டிருந்தது. என் இடது முன்சக்கரம் சரிவின் விளிம்பிலேயே இருந்தது. கித்தான் கூரைக்குள் இரண்டு பேரும் மாட்டியிருந்தால் எங்களை இறாலோடு சேர்த்துத்தான் எடுத்திருப்பார்கள்.

வண்டியில் ஏறி, "நல்ல நேரத்துல சொன்ன காமாட்சி" என்றேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே, "நான் எங்க வாயத் தொறந்தேன்? மழ புடிச்சதுலேர்ந்து பல்லக் கடிச்சிக்கினு மனசுல அம்மாளு பேர சொல்லிக்கினு கீறேன்" என்றாள்.

"ரைட்டுன்னு சொல்லல?"

"யாரு, நானா? இன்னாங்க ஒளர்றீங்க?"

சரி, மழைச் சத்தத்தில் ஏதோ கேட்டிருக்கிறது, அம்மாள் காப்பாற்றினாள், அவ்வளவுதான் என்று வீட்டுக்கு வந்து சூடம் ஏற்றிவிட்டுத் தூங்கிவிட்டேன். நன்றாகவே தூங்கினேன்.

மறுநாள் காலை வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். பாய் குனிந்து ப்ளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாய், நேத்து ஒரு தமாஷ் கேளு" என்று ஆரம்பித்து, மழை, சரிவு எல்லாம் சொன்னேன். ரைட் என்று குரல் வந்ததைச் சொன்னதும் துடைக்கிற கை நின்றது.

"நீ இன்னா பண்ண?"

"போன்னு சொல்லுதுன்னு மிதிச்சேன்."

"அப்பால?"

"அப்பால சோட்டாங்கைன்னு ஒரே கத்து."

"சோத்தாங்கையா?"

"இல்ல பாய், சோட்டாங்கை. ட்டு போட்டுத்தான் சொல்ச்சு. நாக்கு பொரளாத மாரி."

பாய் அப்படியே பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார், கொடுத்ததைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்த வண்டி தொரைக்கு நான்தான் நைனா டிரைவர். எப்பவும் அவரே ஓட்டுவாரு, நான் பக்கத்துல குந்திக்கினு வருவேன். அன்னிக்கு அவருக்குக் கை வலி, என்ன ஓட்ட சொன்னாரு. இதே மாரி மழ, அதே எடம். ரைட்டுன்னாரு. நம்ம ஊர்ல ரைட்டுன்னா இன்னா? கண்டக்டர் ரைட்டுன்னா டிரைவர் இன்னா பண்ணுவான்? மிதிச்சேன். நேரா கால்வாயில."

கையில் இருந்த தண்ணீரைக் கீழே வைத்தார்.

"அவரையும் இஸ்துக்கினுதான் வெளிய வந்தேன். ஆனா நெஞ்சுல அடி. ஆஸ்பத்திரில என்னக் கோவிச்சுக்கல நைனா, ஒரு வார்த்தை திட்டல. வலது கையத் தூக்கிக் காமிச்சி, இதுக்கு தமிழ்ல இன்னான்னு கேட்டாரு. சோறு துன்ற கை, சோத்தாங்கைன்னு சொல்லிக் குடுத்தேன். சிரிச்சாரு. அவருக்கு த்து வரல. சோட்டாங்கை, சோட்டாங்கைன்னு சொல்லிச் சொல்லிப் பாத்துக்கினாரு. அடுத்த தபா கரெக்டா சொல்றேன் காதர்னாரு. விடியறதுக்குள்ள போய்ட்டாரு."

"இத வேற யார்கிட்ட பாய் சொன்ன?"

"யார்கிட்ட சொல்லுவேன்? என் கையால ஒரு ஆள் செத்துப் பூட்டான்னு தெரிஞ்சா எவன் என்கிட்ட வண்டி வுடுவான்? அந்த ரூம்ல நானும் அவரும்தான்."

அவர் எழுந்துபோய் வண்டியின் இடது கதவைத் திறந்தார். அத்தனை நாளில் முதல் தடவையாக உட்கார்ந்தார். "தொரையோட கல்லறைக்குப் போவணும். போ நைனா" என்றார். போ என்றுதான் சொன்னார். அந்த மனிதர் வாயில் ரைட் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குரல் கேட்டதை மட்டும்தான் வெளியே சொன்னேன், அதற்கே வண்டியை விற்றுவிடு என்று ஊரே சொன்னது. எதற்கு விற்க வேண்டும்? எங்கள் உயிரைக் காப்பாற்றிய வண்டி. அம்மாள் யாரை வேண்டுமானாலும் அனுப்புவாள், துரையை அனுப்பக் கூடாது என்று அவளுக்கு யார் சொல்வது? காமாட்சி நாலாவதாக ஒரு ஜாடி கழுவி வைத்தாள், அதற்குக் கோடும் இல்லை பொட்டும் இல்லை. அது மெழுகுவத்திக்கு. வெள்ளிக்கிழமை கோயிலில் சூடம், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லறையில் பாயும் நானும் ஒரு மெழுகுவத்தி. டயர் ஜாடி வெறுமையாக இருந்த மாதம்கூட அந்த ஜாடி வெறுமையாக இருந்ததில்லை. அடுத்த மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓடு போட்டேன், சத்தியம் காப்பாற்றப்பட்டது.

அதற்குப் பிறகு பல வருஷம் ஓட்டினேன். அந்த இடத்தை மழையிலும் வெயிலிலும் கடந்திருக்கிறேன், ஒரு தடவைகூட எதுவும் கேட்டதில்லை. கடைசியில் எஞ்சின் ஓய்ந்து வண்டியைக் கொடுத்துவிட்டேன். இப்போது பஸ்ஸில்தான் போகிறேன், வருகிறேன். எனக்கு எதிலும் பயம் கிடையாது, அதை மறுபடியும் சொல்கிறேன். ஆனால் கண்டக்டர் "ரைட்" என்று குரல் கொடுத்ததும் பஸ்ஸில் எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், என் வலது கை மட்டும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து வலப்பக்கம் இழுக்கும். நான் இழுப்பதில்லை, அதுவாக இழுக்கிறது. போன வாரம்கூடப் பக்கத்தில் இருந்தவர் "இன்னா பெரியவரே, ஜன்னி கின்னி வருதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பஸ் கிளம்பி நேராகத்தான் போனது. என் காதுதான் அந்த அடுத்த வார்த்தை வருமா என்று, இறங்குகிற வரைக்கும் காத்திருந்தது.