ஜெயசீலன் மாஸ்டரின் ஐந்தாவது பீரியட்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை சென்னீர்குப்பம் நிறுத்தத்தில் பள்ளிப் பேருந்தில் ஏறினேன். நான் ஏறிய மறுநொடி வண்டியை எடுத்துவிடும் ஓட்டுநர் மாரி அன்று எடுக்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற லாரி விடாமல் ஹாரன் அடித்தது. பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், மாஸ்டர் பூட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிச்சாம்."

எந்த மாஸ்டர் என்று நான் கேட்கவில்லை. நம் பள்ளியில் மற்ற எல்லோரும் சார், மிஸ், டீச்சர். மாஸ்டர் என்றால் ஒரே ஒருவர்தான், உடற்கல்வி ஆசிரியர் ஜெயசீலன். ஐம்பத்தாறு வயது.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவரோடு வேலை செய்தவர்கள், மீதிப் பேர் அவருடைய விசிலுக்கு ஓடியவர்கள். அழுதுகொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இரண்டாவது வரிக்குள் சிரித்துவிட்டேன். அந்த மனிதரை நினைத்தாலே எனக்குள் ஒரு படபடப்பு கிளம்புகிறது. அதனால் இந்த அஞ்சலி கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதற்கென்றே கட்டிய ஐந்து மாடி. சனிக்கிழமை தேர்வு, திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் ரேங்க் பட்டியல். ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்புகளிலிருந்தும், ஐ.டி. வேலைக்காக வந்து பூந்தமல்லிப் பக்கம் பிளாட் வாங்கிய வீடுகளிலிருந்தும் வரும் பிள்ளைகள் அந்தப் பலகை முன்னால் நின்றுவிட்டுத்தான் வகுப்புக்கே போவார்கள். நான் அங்கே கணக்கு டீச்சராகச் சேர்ந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பின் அட்டவணையில் புதன்கிழமை ஐந்தாவது பீரியட் உடற்கல்வி என்று இருந்தது. அட்டவணையில் மட்டும்தான் இருந்தது. முதல் வாரமே அதை எனக்கு எடுத்துக்கொண்டேன். யாரும் தவறென்று சொல்லவில்லை, முதல்வரே பாராட்டினார்.

மாஸ்டர் சண்டை போடவில்லை. புதன்தோறும் கழுத்தில் விசிலோடு வகுப்பு வாசலில் வந்து நிற்பார். கையில் ஒரு நீள நோட்டு. "டீச்சர், இன்னிக்கு இன்னா பாடம்?" என்பார். முதல் தடவை எரிச்சலாகத்தான் இருந்தது. உங்களுக்கு எதற்கு சார் அது என்று கேட்டேன்.

"இந்த பீரியட்ல என் பேருதானே போட்டு கீது. நான் இன்னா நடத்துனேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, கலப்பெண்கள் என்றேன். எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார். அணிக்கோவை என்றேன். எழுதினார். அதற்கடுத்த வாரம் தொகையீடு. இப்படியே அந்த ஆண்டு முழுவதும் நடந்தது. எனக்கு அது பழகிப்போய், அவர் தலை தெரிந்ததுமே தலைப்பைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

கல்வித் துறையிலிருந்து ஓர் அம்மையார் ஆய்வுக்கு வந்த அன்றுதான் விஷயம் புரிந்தது. தாளாளர் அறையில் எங்களை உட்காரவைத்து ஒவ்வொருவருடைய பதிவேட்டையும் பார்த்துக்கொண்டே வந்தார். என்னுடையதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். அடுத்தது உடற்கல்விப் பதிவேடு, மாஸ்டரின் அந்த நீள நோட்டு. இரண்டு பக்கம் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினார். உடற்கல்வி வகுப்பில் கலப்பெண்களை எப்படி நடத்தினீர்கள் என்று மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டர் எழுந்து நின்று, அதைக் கணக்கு டீச்சரைத்தான் மேடம் கேட்க வேண்டும் என்றார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அம்மையார் போகிறவரை தாளாளர் சிரித்த முகமாக இருந்தார். கார் வெளியே போனதும், ஊர் முன்னால் என்னை மாட்டிவிட்டீர்களே என்று மாஸ்டரிடம் கத்தினார். வேலை போய்விடும் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மாஸ்டருடைய பெண் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுனதுல ஒரு வார்த்த பொய்யா கீதுன்னு காட்டுங்க சார்," என்றார் மாஸ்டர். "இப்பவே லெட்டர் குட்த்துட்டுப் போறேன்."

யாராலும் காட்ட முடியவில்லை. மாடிப்படியில் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இறங்கினேன். அவர்தான் கூப்பிட்டு நிறுத்தினார். என் மேல் கோபமே இல்லையாம். வாசலில் நின்று கேட்டுக் கேட்டு அவருக்கே தொகையீடு பாதி புரிந்துவிட்டதாம். படியிலேயே நின்று இருவரும் சிரித்தோம். எங்கள் நட்பு அங்கே தொடங்கியது.

ஆய்வு அறிக்கைக்குப் பயந்து பீரியடைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் விளையாட இடம்? மைதானம் முழுக்கப் பேருந்துகள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலைவரை அங்கேதான் நிற்கும். மாஸ்டர் ஓட்டுநர்களிடம் போனார். மாரி ஒரே பிடியாக மறுத்தார். நாலரை மணிக்கு எழுந்து வண்டி எடுத்துவிட்டு இப்போதுதான் கண்ணை மூடுகிறோம், இந்த வெயிலில் வண்டியை எங்கே நகர்த்துவது என்று கேட்டார். மாஸ்டர் ஒரு பை சுண்ணாம்புப் பொடியை மாரியின் கையில் கொடுத்து, எனக்குக் கோடு நேராக வராது, நீங்கள்தான் தினமும் நேராக ஓட்டுகிறவர் என்றிருக்கிறார். அடுத்த புதன்கிழமை பேருந்துகள் சாலையோரம் போய் நின்றன. மாரி குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் ஸ்டாப் வாட்ச் அவர் கைக்குப் போய்விட்டது.

பன்னிரண்டு பெண்கள் கோ-கோ அணியானார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே எட்டுப் பேர் வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கமும் அடுத்தவள் அந்தப் பக்கமும் பார்த்து உட்கார்ந்திருக்க, ஒருத்தி எதிரணியைத் துரத்துவாள். உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி 'கோ' என்றால் அவள் எழுந்து துரத்த வேண்டும். தட்டியவள் அந்த இடத்தில் உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கேப்டன் ஆஃப்ரின். ரேங்க் பட்டியலில் எப்போதும் முதல் பெயர் அவளுடையது.

வட்டாரப் போட்டி ஒரு சனிக்கிழமை ஆவடியில் நடந்தது. சனிக்கிழமை என்றால் தேர்வு. தாளாளர் முடியாது என்றுவிட்டார். மாஸ்டர் என்னிடம் வந்து, "பரீட்சைய நீங்களே வச்சுக்கங்க டீச்சர். பன்னெண்டு பேர மட்டும் எனக்கு உடுங்க," என்றார். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு தாளாளரிடம் போய், அதே வினாத்தாளை, அதே நாளில், போட்டி முடிந்ததும் பேருந்துக்குள்ளேயே வைத்து நானே மேற்பார்வை பார்க்கிறேன் என்றேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஆஃப்ரின் முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் ஐந்தாவது பீரியட் பழையபடி கணக்குக்குப் போய்விடும்.

முதல் ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக வந்தவர்கள் பல வருடங்களாக ஆடிவந்த அணி. கடைசி முறை நாங்கள் துரத்த வேண்டியிருந்தது. ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டார்.

"என்னால பாக்க முடியாது. இன்னா நடக்குதுன்னு நீங்க சொல்லுங்க டீச்சர்."

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஆஃப்ரின் துரத்துகிறாள், நெட்டையாக ஒருத்தி, வளைந்து வளைந்து ஓடுகிறாள், ஐயோ தப்பிவிட்டாள், கோ கொடுத்துவிட்டாள், இந்தக் குட்டைப் பெண் எழுந்துவிட்டாள், தொட்டுவிட்டாள் சார், தொட்டுவிட்டாள்! சமம். மாரி ஸ்டாப் வாட்சைப் பார்த்து, இன்னும் இருபது நொடி என்றார். எனக்குப் பெயர்கள் மறந்தன, விதிகள் தெரியவில்லை, என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. அடுத்த கோ வாங்கிய தீபிகா கம்பத்துப் பக்கம் ஓடினாள். வகுப்பில் இருபதாம் ரேங்குக்கு மேலே ஏறாத, கேட்டால்கூட வாய் திறக்காத தீபிகா. எதிரணிப் பெண் கம்பத்தைச் சுற்றித் திரும்பினாள். தீபிகா ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் தரைக்கு மேல் வீசினாள். விரல் நுனி அந்தப் பெண்ணின் குதிகாலில் பட்டது. இரண்டு விசில் அடுத்தடுத்துக் கேட்டன. ஒன்று தொட்டதற்கு, ஒன்று ஆட்டம் முடிந்ததற்கு. எது முதலில்?

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். இன்னா ஆச்சு என்று மாஸ்டர் திரும்பாமலே கேட்டார். தெரியவில்லை சார் என்றேன். கண்ணை இறுக மூடியிருந்தார். நடுவர் எங்கள் பக்கம் கையை உயர்த்தினார்.

நான் என்ன கத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் திரும்புவதற்குள் பன்னிரண்டு பெண்களும் என்னைத்தான் வந்து கட்டிக்கொண்டார்கள். புடவை முழுக்கச் செம்மண். அடுத்த ஆட்டத்தில் எங்களைத் துவைத்து எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. முட்டியில் பிளாஸ்திரியோடு பேருந்துக்குள் உட்கார்ந்து மூன்று மணி நேரம் தேர்வு எழுதினார்கள். இரண்டு நாள் எனக்குக் குரல் வரவில்லை. கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்தினேன்.

திங்கட்கிழமை பட்டியலில் ஆஃப்ரின் நான்காவது. திருத்தியது நான்தான். ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டிருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. மாஸ்டர் பலகையைப் பார்த்துவிட்டு, பேச்சு பேச்சுதான் டீச்சர், பீரியட் உங்களுது என்றார். தாளாளர் வந்தார். பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். மூன்றாவது பெயரில் விரலை வைத்து, யார் இந்த தீபிகா என்று கேட்டார்.

"கம்பத்துல பாஞ்சவ சார்," என்றார் மாஸ்டர்.

தாளாளர் மனம்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பீரியடைப் பற்றி அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாரி செய்தி சொன்ன அந்தத் திங்கட்கிழமை, கோவில்பதாகையில் மாஸ்டர் வீட்டு வாசலில் நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். ஆஃப்ரின் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். தாளாளர் ஒரு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். தீபிகா மாஸ்டரின் மனைவியிடம் அந்தக் கடைசி இருபது நொடியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் திறக்காத பெண், எழுந்து நின்று, கையை வீசிக் காட்டி! அந்த அம்மா அழுதுகொண்டே, அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புது ஆள் வரும்வரை அந்தப் பீரியடை யார் எடுப்பது என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார்கள். இயற்பியலும் வேதியியலும் கை தூக்கின. நானும் தூக்கினேன். எனக்கே கொடுத்தார்கள். புதன்கிழமை முப்பத்தெட்டுப் பேரையும் கீழே அழைத்துப் போனேன். அங்கே போனதும்தான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது உறைத்தது. ஓடுங்கள் என்றேன். நீங்க ஓட மாட்டீங்களா மிஸ் என்று ஒருத்தி கேட்டாள். செருப்பைக் கழற்றினேன். முந்தானையை இடுப்பில் செருகினேன். முதல் வளைவிலேயே எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். விலா பிடித்துக்கொண்டது, கண் இருட்டியது, ஆனாலும் சுற்றை முடித்தேன்.

மாஸ்டரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்: நாற்பத்தாறு வயதில், பிள்ளைகளுக்கு நடுவே கடைசி ஆளாக வந்து நின்று, மூச்சு வாங்க, இன்னொரு சுற்று போகலாமா என்று கேட்கும் ஆசை.