ஐம்பது முறை எழுதச் சொன்னேன்

இன்று ஆறாம் வகுப்புக்கு, கம்ப்யூட்டர் திரையில் கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பூனையை நடக்கவைக்கும் கோடிங் பாடம்.

“‘நட’ங்கிற கட்டத்தை அம்பது தடவை அடுக்க வேணாம். ‘50 முறை செய்’ங்கிற கட்டத்துக்குள்ள ஒண்ணு வச்சாப் போதும். பச்சைக் கொடிய அமுக்குனா பூனை நடக்கும்” என்று பெருமையாக விளக்கினேன்.

பின்வரிசையில் ஜெனிபர் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில், “‘வகுப்பில் பேச மாட்டேன்’னு அம்பது தடவை எழுதிட்டு வா” என்றேன்.

இரண்டே நிமிடத்தில் நோட்டோடு வந்தாள். ஆரஞ்சுக் கலரில் ஒரு கட்டம், மேலே ‘50 முறை செய்’. உள்ளே ஒரே வரி.

“இம்புட்டுதானா?”

“நீங்கதான மிஸ் சொல்லிக் குடுத்தீங்க?”

வேறு வழியின்றிக் கையெழுத்துப் போட்டேன். இடத்தில் போய் உட்கார்ந்ததும் மறுபடி பேச்சு.

“ஏம்மா, பேச மாட்டேன்னு எழுதியிருக்கேல்ல?”

“எழுதிட்டேன் மிஸ். நீங்க இன்னும் பச்சைக் கொடிய அமுக்கலையே!”

பிள்ளைகளுக்கு அந்தக் கொடி எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆசிரியர்கள் கமெண்டில் சொல்லவும்.