கடைசிப் பந்தியில் பன்னிரண்டு கட்டம்

திண்டுக்கல்லில் பழைய நெகட்டிவையும் கேசட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வருகிற அத்தனை பேரும் கேட்பது ஒன்றுதான்: "ஃபோர்கே (4K) ஆக்கிக் குடுங்க, பெரிய டிவியில பளிச்சுனு தெரியணும்." நெகட்டிவ் என்றால் ஸ்கேனரின் நுணுக்கத்தைக் கூட்டி வைக்கக் கூட்டி வைக்க இன்னும் கொஞ்சம் சரக்கு வரும். கல்யாண கேசட்டில் என்ன இருக்கிறது? இருப்பதைப் பெரிசாக்கலாம், இல்லாததை நான் எங்கே போய்க் கொண்டுவர? இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு.

போன மாதம் எரியோட்டிலிருந்து ஒரு அக்கா தன் கல்யாண கேசட்டோடு வந்தார். விரும்பிக் கட்டிக்கொண்ட கல்யாணம். "அங்க வந்து கை நனைக்க மாட்டேன்" என்ற அப்பா, சாகிறவரைக்கும் மகளோடு பேசவில்லை. அவர் கருமாதியன்று, இத்தனை வருசம் வாயைத் திறக்காத சித்தி சொன்னாளாம்: "ஒங்கப்பா கடைசிப் பந்தியில உக்காந்து சாப்ட்டுத்தாண்டி போனாரு."

"இருந்தா காட்டுங்க தம்பி. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க," என்றார் அக்கா.

கேசட்டைப் போட்டு ஓட்டினேன். கடைசிப் பந்தி வந்தது. மூலையில் ஒரு வெள்ளைச் சட்டை. வீடியோ லைட் பக்கம் வரவும் தலையைக் குனிந்துகொண்டது. நிறுத்திப் பெரிசாக்கினேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு கட்டம். எண்ணியே காட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

பண்ணினேன். அதே பன்னிரண்டு, ஒவ்வொன்றும் செங்கல் அளவில்.

முகத்தைத் தெளிவாக்கும் புது சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. விதியே என்று அதில் போட்டேன். பளபளவென்று ஒரு ஆள் வந்து நின்றார். அக்கா செத்த நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது யாரு தம்பி? இப்படி மூக்கு எங்க வகையறாவுலயே கிடையாது."

"இதுக்கு மேல இதுல ஒண்ணுமில்லக்கா," என்றேன். சிடுசிடுப்பாகத்தான் சொன்னேன். அவர் முகம் விழுந்துபோனதைப் பார்த்ததும் எனக்கே சங்கடமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "சும்மா ஒரு தடவை ஓட்டுங்க, பாத்துட்டுப் போயிர்றேன்," என்றார்.

ஓட்டினேன். வெள்ளைச் சட்டை ஒரு வாய் அள்ளிப் போட்டது. இடது தோளைத் தூக்கி இறக்கியது. அடுத்த வாய். மறுபடியும் தோள்.

"ஆத்தாடி, நிறுத்திராதீங்க!" அக்கா என் கையையே பிடித்துவிட்டார். "மாடு முட்டுன தோளு. இப்படித்தான் சாப்பிடுவாரு."

நிறுத்தினால் கட்டம், ஓடினால் அப்பா. இத்தனை வருசம் இதே தொழிலில் கிடக்கிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை. வந்ததிலிருந்து நிறுத்தி நிறுத்தியே அக்காவை வதைத்திருக்கிறேன்.

பாயாச வாளி வந்தது. வெள்ளைச் சட்டை வாங்கியது. வாளி அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியபோது, கையைக் காட்டி மறுபடியும் கூப்பிட்டது.

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"கை நனைக்க மாட்டேன்னு சொன்ன மனுசன், ரெண்டு தடவை பாயாசம் வாங்கியிருக்காரு பாருங்க தம்பி."